புக்கெட் தீவில் ஒரு மோதிரத்தின் விலை



உங்கள் கையில் ஒரு மோதிரம் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். சிவப்புக் கல் பதித்தது. அதன் விலைச் சீட்டில் 28,000 பாட் என்று எழுதப்பட்டிருக்கிறது. பாட் என்பது தாய்லாந்து நாட்டு நாணயம். அந்தக் கல்லைக் கடைக்கு விற்றவன் நான்தான். 6,000 பாட்டுக்குக் கொடுத்தேன். தங்கமும் பொற்கொல்லரின் கூலியும் சேர்ந்து இன்னுமொரு 6,000 ஆகியிருக்கலாம். எஞ்சிய 16,000 பாட் எங்கே போயிற்று? அதைச் சொல்வதற்காகவே எழுதுகோலை எடுத்தேன்.

எனக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம். கல் வியாபாரத்துக்காகச் சபர் போவது எங்கள் ஊர் மக்களுக்குப் புதிதன்று. கொழும்பு, ஹாங்காங், பாங்காக் என்று எங்கள் முன்னோர் போன வழியில் நானும் போனேன். பாங்காக்கில் ஸீலோம் சாலையை ஒட்டிய மஹேசாக் தெருவில் ஓர் அறை. வார இறுதிகளில் சந்தாபுரி நகரத்துக் கல் சந்தை. அங்கே வாங்கி, தரம் பிரித்து, நகைக் கடைகளுக்குக் கொடுப்பது என் தொழில். 2012ஆம் ஆண்டு முதல் புக்கெட் தீவிலிருந்த ஒரு பெரிய நகைக் கடைக்கும் கல் கொடுத்து வந்தேன்.

புக்கெட், தாய்லாந்தின் தென்மேற்கே அந்தமான் கடலில் உள்ளது. கரையோடு அதனைப் பாலம் இணைக்கிறது. இன்று கடற்கரைக்குப் பேர்போன அத்தீவு, ஒரு காலத்தில் ஈயத்துக்குப் பேர்போனது. அந்த வெள்ளீயத்தைத் தோண்டுவதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென் சீனத்திலிருந்து ஹொக்கியன் மக்கள் திரளாக வந்தார்கள். கூலிகளாக வந்தவர்கள் கடை வைத்தார்கள், கோயில் எழுப்பினார்கள், உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள், அந்த மண்ணிலேயே அடங்கினார்கள். பழைய நகரில் வரிசையாய் நிற்கும் வண்ண வண்ண வீடுகள் அவர்கள் விட்டுச் சென்றவை. மேற்குக் கரையிலோ கமலா, பாங் தாவ் போன்ற முஸ்லிம் கிராமங்கள். பாங்கொலி கேட்டு விழிக்கும் தீவு அது என்றால் இங்குள்ள பலரும் நம்புவதில்லை.

அந்தச் சீனர்கள் வந்து தங்கினார்கள். நான் சொல்லப் போகும் சீனர்களோ நான்கைந்து நாள்களில் திரும்பிச் செல்பவர்கள்.

2012 டிசம்பரில் தாய்லாந்தைக் களமாகக் கொண்ட நகைச்சுவைத் திரைப்படம் ஒன்று சீனாவில் பெருவெற்றி கண்டது. வேறு காரணங்களும் உண்டு; சீனரின் கையில் பணம் புரளத் தொடங்கியிருந்த நேரம். எப்படியோ, அணை திறந்தாற்போல ஆயிற்று. 2012இல் தாய்லாந்துக்கு வந்த சீனர்கள் ஏறத்தாழ 28 லட்சம் பேர். 2015இல் 79 லட்சம். 2019இல் 1 கோடியே 10 லட்சம். அவ்வாண்டில் உலகெங்கிலுமிருந்து தாய்லாந்துக்கு வந்தவர்கள் சற்றேறக்குறைய 4 கோடிப் பேர் என்றால், நால்வரில் ஒருவர் சீனர்!

இத்தனை பேர் வந்தால் ஊர் செழித்திருக்க வேண்டுமல்லவா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தச் சுற்றுலாவின் சூட்சுமத்தை நான் அறிந்துகொள்ள ஓராண்டு பிடித்தது. சீனாவிலுள்ள சுற்றுலா நிறுவனம் விமானம், விடுதி, உணவு, படகு அனைத்தையும் சேர்த்து அடக்க விலைக்கும் குறைவாக விற்றுவிடும். தாய்லாந்தில் அவர்களை வரவேற்று அழைத்துச் செல்லும் நிறுவனத்துக்கு அதிலிருந்து சல்லிக் காசு வராது. போதாக்குறைக்கு, கூட்டத்தைத் தனக்கே அனுப்ப வேண்டுமென்று அந்நிறுவனம் தலைக்கு இவ்வளவு என்று பணமும் கட்டும். ஆக, பேருந்தில் ஏறும்போதே ஒவ்வொரு தலையின் மேலும் ஒரு கடன் ஏறியிருக்கிறது. ஏறியவருக்கு மட்டும் அது தெரியாது. அந்தக் கடனை வசூலிக்கும் இடங்கள்தாம் கடைகள். நகைக் கடை, ரப்பர் பால் தலையணைக் கடை, பறவைக்கூட்டுக் கடை, முதலைத்தோல் கடை. இதற்குப் 'பூஜ்ய டாலர் சுற்றுலா' என்று பெயர். 2013 அக்டோபர் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த சீனச் சட்டம் ஒன்று இதனைத் தடை செய்தது. சில மாதங்கள் அடங்கியிருந்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு மறுபடியும் வந்துவிட்டது.

தாய்லாந்துச் சட்டப்படி சுற்றுலா வழிகாட்டியாகத் தாய்லாந்துக் குடிமக்களே இருக்கலாம். எனவே உரிமம் பெற்ற தாய்லாந்துக்காரர் ஒருவர் பேருந்தின் முன் இருக்கையில் வாய் திறவாமல் அமர்ந்திருப்பார். சீன மொழியில் பேசுபவர் வேறொருவர். முன்னவருக்கு நாள் கூலி, பின்னவருக்குக் கமிஷன். பேருந்தும் உணவகமும் கடையும் பெரும்பாலும் ஒரே கூட்டத்தாரின் கைகளில் இருந்தன. மோதிரத்தின் 16,000 பாட்டில் பெரும்பகுதி, விற்பவர் சிரிப்பதற்கு முன்பே பங்கு பிரிக்கப்பட்டுவிடும். கடைக்கு எதிரே தேநீர் விற்றவருக்கு அந்தப் பேருந்துகளால் கிடைத்தது புழுதி மட்டுமே.

2015ஆம் ஆண்டு, ஒரு பிற்பகல். பாக்கி வசூலுக்காக அந்தக் கடையில் அமர்ந்திருந்தேன். நான்கு பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. இறங்கியவர்களுள் ஒரு மூதாட்டி. உழைத்துக் காய்த்துப் போன கைகள். மகளுக்குத் திருமணமாம், சிவப்புக் கல் நல்ல சகுனமாம். விற்பனைப் பெண் மொழிபெயர்த்துச் சொன்னாள். மூதாட்டி அந்த மோதிரத்தை எடுத்தார்; வைத்தார்; மீண்டும் எடுத்தார். அருகில் நின்ற வழிகாட்டி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். சூடேற்றி நிறம் கூட்டிய கல் அது. எங்கள் தொழிலில் அது குற்றமன்று, சொல்லி விற்கும் வரையில். நான் கடைக்காரரிடம் சொல்லித்தான் விற்றேன். கடைக்காரர் அந்த மூதாட்டியிடம் சொல்லவில்லை. மூதாட்டி என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் கடையைச் சேர்ந்தவன் என்று எண்ணினார் போலும். 'நல்ல கல்லா?' என்று கேட்கிறார் என்றாள் அந்தப் பெண். நான் தலையசைத்தேன்.

நல்ல கல்தான். 28,000 பாட் பெறுமான கல்லன்று.

விடுமுறையில் ஊர் வந்தபோது வாப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர்களும் கொழும்பில் நாற்பதாண்டு கல் விற்றவர்கள். வெகுநேரம் பேசாதிருந்துவிட்டு, "மகனே, உன் பங்கு 6,000தானே என்று கணக்குச் சொல்கிறாய். தலையசைத்ததற்கு எவ்வளவு வாங்கினாய்?" என்றார்கள். வாப்பா அவர்கள் இன்று நம்மிடையே இல்லை. அந்தக் கேள்விக்கு அன்றும் என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஆனாலும் வியாபாரத்தை நிறுத்தினேனா? இல்லை. அந்தக் கடைக்குத் தொடர்ந்து கல் கொடுத்தேன், அதுவும் கடனுக்கு. உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

2016ஆம் ஆண்டு தாய்லாந்து அரசு இந்தச் சுற்றுலாவின் மீது கை வைத்தது. 2,000க்கும் மேற்பட்ட பேருந்துகள் பறிமுதலாயின. ஆண்டின் கடைசி மாதங்களில் சீனக் கூட்டம் சட்டென்று குறைந்தது. நான் கல் கொடுத்த கடை கதவடைத்தது. 4,80,000 பாட் பாக்கியில் பாதியைக்கூட நான் காணவில்லை. என் துயரம் கிடக்கட்டும். பேருந்து ஓட்டிகள், படகுப் பையன்கள், விடுதியில் படுக்கை விரிக்கும் பெண்கள் ஆகியோருக்கும் வேலை போயிற்று. பெரும்பணம் இவர்கள் கைக்கு வரவேயில்லை. ஆனால் அது நின்றபோது முதலில் பசித்தவர்கள் இவர்கள்தாம். அந்தச் சுற்றுலாவினால் ஊருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று வாதாடுகிறவர்களோடு ஆகவேதான் என்னால் முழுமையாக உடன்பட முடிவதில்லை.

இனி ரொட்டிக் கடைக்கு வருகிறேன்.

பழைய நகரில், தலாங் சாலைக்கு அருகில், ஒரு முஸ்லிம் அம்மையார் தள்ளுவண்டியில் ரொட்டி போடுவார். மாவைக் கையால் வீசி விரித்து, கல்லில் இட்டு, வாழைப்பழம் நறுக்கிப் போட்டு மடித்து, மேலே டின் பால் ஊற்றித் தருவார். நம் பரோட்டாவின் தூரத்து உறவு அது. எங்கள் ஊர் வழக்கப்படி நான் அவரை 'லாத்தா' என்று அழைப்பேன். பொருள் தெரியாமலே அவரும் அதை ஏற்றுக்கொண்டார். பேருந்துக் காலத்தில் ஒரு சீனர்கூட அவரிடம் வந்ததில்லை. நேரம் விட்டால்தானே வருவதற்கு?

பேருந்துகள் ஓய்ந்த பிறகு வேறு வகைச் சீனர்கள் வரலானார்கள். இளைஞர்கள், இருவர் மூவராய் வருபவர்கள், கையிலுள்ள கைபேசியே அவர்களுக்கு வழிகாட்டி. யாரோ ஒருவர் லாத்தாவின் ரொட்டியைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார். அதன் பிறகு மாலையில் வரிசை நின்றது. லாத்தா சீன எழுத்தில் ஒரு பலகை எழுதி வாங்கி மாட்டினார். கைபேசியைக் காட்டிப் பணம் செலுத்தும் அட்டையையும் வைத்தார்.

ஒரு ரொட்டி 45 பாட். மாவும் முட்டையும் இரண்டு கடை தள்ளியிருக்கும் மளிகையில். வாழைப்பழம் தீவின் தோட்டத்துக்காரரிடம். உதவிக்கு நின்ற தங்கை மகளுக்குக் கூலி. மீதியில் வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிச் செலவும். 28,000 பாட் மோதிரம் அந்தத் தெருவுக்கு எதைத் தந்தது, இந்த 45 பாட் எதைத் தந்தது என்று நான் பலமுறை கணக்குப் போட்டிருக்கிறேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஆயினும் ரொட்டிக் கடையும் அசையாப் பாறையன்று. 2018 ஜூலை 5 அன்று புக்கெட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு சுற்றுலாப் படகு புயலலையில் கவிழ்ந்து 47 சீனர்கள் உயிரிழந்தார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அதன் பின் சீனர் வரவு விழுந்தது. அவ்வாண்டு இறுதியில் அரசு, வந்திறங்கிய பின் பெறும் விசாவுக்கான 2,000 பாட் கட்டணத்தையே தள்ளுபடி செய்து அழைக்க வேண்டியதாயிற்று. 2020 ஜனவரியில் சீனா குழுச் சுற்றுலாக்களை நிறுத்தியது. பிறகு நடந்தது உலகறிந்தது. 2021 ஜூலையில் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தீவைத் திறந்தார்கள். அப்போதும் சீனர் வரவில்லை, அவர்கள் நாட்டின் கதவு 2023 ஜனவரி வரை மூடியிருந்தது. 2024 மார்ச் முதல் இரு நாட்டாரும் விசாவின்றிப் போய்வரலாம் என்றாயிற்று. அவ்வாண்டு 67 லட்சம் பேர் தாய்லாந்து வந்தார்கள். 2025 ஜனவரியில் ஒரு சீன நடிகர் தாய்லாந்துக்கு வரவழைக்கப்பட்டு, எல்லை தாண்டி மியன்மாருக்குக் கடத்தப்பட்டு மீட்கப்பட்டார். அந்த ஒரு செய்தி போதுமானதாயிருந்தது. 2025இல் சீனர் வரவு 50 லட்சத்தையும் எட்டவில்லை. தன் பிழைப்பு இன்னொரு நாட்டு மக்களின் மனநிலையில் தொங்குவதை லாத்தா போன்றவர்கள் எங்கே போய் முறையிடுவது?

2025ஆம் ஆண்டு நான் புக்கெட் போயிருந்தபோது வண்டி அதே இடத்தில்தான் நின்றது. ரஷ்யர் இருவர் உண்டுகொண்டிருந்தனர். சீன எழுத்துப் பலகை வெயிலில் வெளுத்துத் தொங்கியது. "எடுத்துவிடலாமே, லாத்தா?" என்றேன். திரும்ப எழுதி வாங்கக் காசு கேட்பார்கள், இருக்கட்டும் என்றார். பிறகு, மலேசியரும் உங்கள் நாட்டவரும் இப்போது நிறைய வருகிறார்கள் என்று சொல்லி, இந்திய எழுத்தில் பலகை எழுத என்ன செலவாகும் என்று கேட்டார். எந்த எழுத்தில் என்று நான் திருப்பிக் கேட்க, அவர் விழித்தார். அந்தக் குழப்பத்தை அவருக்கு விளக்கி முடிக்க அரை மணி நேரமாயிற்று.

அவர் சொன்னது உண்மைதான். 2023 நவம்பரில் நம் நாட்டவருக்கும் தாய்லாந்து விசா விலக்கு அளித்தது. 2024இல் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் போயிருக்கிறார்கள். உங்கள் தெருவிலேயே யாரேனும் போய்வந்திருப்பார்கள். குறைந்த விலைக்கு எல்லாம் அடக்கம் என்று அழைத்துப் போய், மூன்றாம் நாள் நகைக் கடையில் இறக்கிவிட்டார்களா என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அன்றிரவே விடுதி அறையில் தொலைபேசி ஒலித்தது. கதவடைத்துப் போன அதே கடைக்காரர். பழைய சாலையிலேயே புதிய பெயரில் மீண்டும் திறந்திருக்கிறாராம். தமிழ் பேசத் தெரிந்த இரு பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறாராம். நம்மவர்களுக்குக் கெம்பு பிடிக்கும், பழைய முறைப்படி கடனுக்குக் கல் தர முடியுமா, வரும்போது கடையில் வந்து சற்று உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது என்றார்.

பழைய பாக்கியை நினைவூட்டினேன். கல்லுக்கு ரொக்க விலையொன்று சொன்னேன். சூடேற்றிய கல்லென்று விலைச் சீட்டிலேயே எழுத வேண்டும் என்றேன். கடையில் வந்து உட்கார இயலாது என்றும் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தார். இதுவரை அழைக்கவில்லை.