இருபது வயதுக் கண்களுக்கான பைனாகுலர்

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் இருக்கிறது அந்த வீடு. கடற்படைத் துறைமுகம் உள்ள ஊர். மாடியறைக்கு எப்போதும் பூட்டு. உள்ளே நகையோ, பத்திரமோ கிடையாது. பதினேழு பழைய பைனாகுலர்கள், பீரங்கியில் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கிகள் மூன்று. எல்லாமே பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தவை. சேர்த்து வைத்திருப்பவருக்கு வயது 72. தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர்.

முதல் பைனாகுலர் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், உடைந்த குழாய்களுக்கும் தேநீர்க் கோப்பைகளுக்கும் நடுவே கிடைத்தது. தூக்கிப் பார்த்தால் ஒரு கிலோவுக்கு மேல் கனம். உடலில் 'பார் அண்ட் ஸ்ட்ரௌட்' என்ற கம்பெனிப் பெயர், 'சி.எஃப். 41' என்ற மாடல் எண், 'ஏ.பி. 1900ஏ' என்ற கடற்படை எண். கூடவே ஓர் அம்புக்குறி. அம்புக்குறி இருந்தால் அது பிரிட்டிஷ் அரசாங்கத்தின் சொத்து என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் அவருக்குக் கால் நகரவில்லை.

காரணம், அவர் அப்பா. இரண்டாம் உலகப்போரில், இருபது வயதில், கப்பலின் மேல்தளத்தில் காவல் நின்றவர். ஸ்காட்லாந்திலிருந்து ரஷ்யாவின் மூர்மான்ஸ்க் துறைமுகத்துக்குச் சரக்குக் கப்பல்கள் கூட்டம் கூட்டமாகப் போகும். அவற்றுக்குத் துணைபோன சின்னப் போர்க்கப்பல் ஒன்றில்தான் அவருக்கு வேலை. கூரையில்லாத மேடை. குளிர்காலத்தில் ஆர்க்டிக் கடலில் சூரியனே எழாது. அந்த இருட்டில் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு நீர்மூழ்கிக் கப்பலின் அடையாளம் தெரிகிறதா என்று தேட வேண்டும். 1941 முதல் 1945 வரை இப்படி 78 முறை கப்பல் கூட்டங்கள் போய்வந்தன.

போரைப் பற்றி அப்பா மகனிடம் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான். "பைனாகுலரைச் சட்டுனு எடுக்கக் கூடாதுடா. உலோகம் பட்ட இடத்துல தோலும் சேர்ந்து வந்துடும்." அதற்கு மேல் எதைக் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவார். ஆர்க்டிக் பயணத்தில் இருந்தவர்களுக்குத் தனிப் பதக்கம் கொடுக்க பிரிட்டிஷ் அரசுக்கு 2013 வரை ஆனது. அதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் விண்ணப்பித்தார், பதக்கம் தபாலில் வந்தது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வீட்டுக்குத் தபால் கொடுத்தவரின் வீட்டு வாசலில், அவர் அப்பாவின் பெயருக்கு வந்த பொட்டலம்!

சந்தையில் வாங்கிய அந்த பைனாகுலர் அப்பாவின் கையில் இருந்ததுதானா? சொல்ல வழியில்லை. ஒவ்வொன்றிலும் வரிசை எண் இருக்கும். அது எந்தக் கப்பலுக்குப் போனது என்பதை எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கடற்படைச் சொத்து என்பதால் அப்பா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் கரையேறியிருப்பார். போர் முடிந்ததும் உபரிச் சாமான்கள் ஏலத்துக்கும் கடைகளுக்கும் போயின. 'ஒருவேளை இதுவாக இருக்குமோ' என்ற அந்த ஒரு எண்ணம்தான் ஒன்றைப் பதினேழாக்கியது.

அந்தக் கம்பெனியின் கதையே சுவையானது. 1888-ல் தூரத்தை அளக்கும் கருவி வேண்டுமென்று பிரிட்டிஷ் ராணுவம் விளம்பரம் கொடுத்தது. லீட்ஸ் நகரின் கல்லூரியில் பொறியியல் சொல்லிக்கொடுத்த பாரும் இயற்பியல் சொல்லிக்கொடுத்த ஸ்ட்ரௌடும் அதைப் பார்த்துவிட்டுக் களத்தில் இறங்கினார்கள். பின்னாளில் கிளாஸ்கோவில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. கடற்படைக்கு முதலில் போனது தூரமானிதான். பைனாகுலர் செய்யத் தொடங்கியது முதல் உலகப்போர் முடிந்த பிறகு.

இரண்டாவதாக வாங்கியதை அவரே பாழாக்கினார். உள்ளே பூஞ்சை, சிலந்தி வலை மாதிரி படர்ந்திருந்தது. கேமரா லென்ஸில் மழைக்காலத்தில் வருமே, அதே ரகம். பிரித்துத் துடைத்தார். உள்ளே வெளிச்சத்தைத் திருப்பிவிடும் பட்டகங்களைப் பழைய இடத்திலேயே வைத்ததாகத்தான் நினைத்தார். கண்ணில் வைத்தால் ஒரு கப்பல் இரண்டாகத் தெரிந்தது. இரு குழாய்களும் ஒரே திசையில் பார்க்கவில்லை என்றால் இப்படித்தான். பத்து நிமிடத்தில் தலைவலி வந்துவிடும். அதைச் சரிசெய்யக் கற்றுக்கொள்ள அவருக்கு இரண்டு வருடம் பிடித்தது.

பைனாகுலரின் கறுப்புப் பெயின்ட்டை மட்டும் அவர் தொடவே மாட்டார். சிலர் அதைச் சுரண்டி, பித்தளையைப் பளபளவென்று தேய்த்து வரவேற்பறை அலங்காரமாக விற்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால், விரல்கள் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த இடம் அதோடு போய்விடுகிறது. போன பிறகு அது யார் கையில் இருந்தால் என்ன? நம் ஊர்ச் சுற்றுலாத் தலங்களில் 'லண்டன்' என்று பொறித்த பித்தளைத் தொலைநோக்கிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை புதிதாக வார்த்தவை. நூறு வருடப் பழசு என்று சொன்னால் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

பீரங்கித் தொலைநோக்கிகள் வந்தபோதுதான் வீட்டில் சண்டை. மனைவி ஒன்றை எடுத்துப் பார்த்தார். நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு. "பைனாகுலர்னா காவலுக்குப் பார்த்தது. இதுல பார்த்தவங்க சுடறதுக்குப் பார்த்திருக்காங்க. இந்தக் கோட்டுக்கு நடுவுல யாராவது இருந்திருப்பாங்க இல்ல? ஹால்ல வேணாம்" என்றார். மாடியறைக்குப் பூட்டு வந்தது அன்றுதான்.

அவரிடம் அதற்குப் பதில் இல்லை. அந்தக் கருவியின் சாமர்த்தியத்தை மட்டும் சொல்லிப் பார்த்தார். கப்பல் ஆடிக்கொண்டே இருக்கும். குறி தப்பிக்கொண்டே இருக்கும். 'ஸ்கில்லா' என்ற கப்பலின் தலைவர் பெர்ஸி ஸ்காட், கப்பல் எப்படி ஆடினாலும் குறியை விடாமல் தொலைநோக்கியில் தொடர்வதற்குப் பீரங்கி வீரர்களைப் பழக்கினார். 1899-ல் நடந்த போட்டியில் அந்தக் கப்பல் சுட்ட 70 குண்டுகளில் 56 இலக்கைத் தொட்டன. கடற்படையின் சராசரி பாதியைக்கூட எட்டாத காலம் அது. "அதான் சொல்றேன், மேலயே இருக்கட்டும்" என்றார் மனைவி.

மூன்றில் ஒன்றின் அளவுகோலில் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த பூச்சு. இப்போது ஒளிர்வதில்லை. ஒளிர்ந்த பொருள்தான் தேய்ந்துபோயிருக்கிறதே தவிர, ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். அதை மட்டும் அவர் பிரிப்பதே இல்லை. பழைய ராணுவக் கருவி எதையும் சுரண்டுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

போன வருடம் கண் பரிசோதனைக்குப் போனார். எப்போதும்போல பைனாகுலர் பேச்சை எடுத்தார். இரவில் முன்னைப்போலத் தெளிவாகத் தெரிவதில்லை, லென்ஸில் ஏதாவது கோளாறாக இருக்குமா என்று கேட்டார். பரிசோதித்தவர் அதன் அளவு என்னவென்று விசாரித்தார். 7 மடங்கு, 50 மில்லிமீட்டர் லென்ஸ். ஐம்பதை ஏழால் வகுத்தால் வருவது ஏழு சொச்சம். கண்ணருகே வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். இருபது வயதில் கண்மணி இருட்டில் ஏறக்குறைய அந்த அளவுக்கே விரியும். வயதாக ஆக விரிவது குறைந்துகொண்டே போகும். எழுபதில் ஐந்து மில்லிமீட்டர் விரிந்தாலே பெரிது. வருகிற வெளிச்சத்தில் பாதி உள்ளே நுழையாமல் வெளியிலேயே நின்றுவிடும்.

"பைனாகுலர்ல ஒண்ணும் கோளாறு இல்லீங்க. அது சின்னப் பசங்களுக்காகச் செஞ்சது" என்றார் அவர்.

முப்பது வருடங்களுக்கு மேலாகப் பதினேழு பைனாகுலர்களை வாங்கி, பிரித்து, துடைத்து, பூட்டி வைத்தவர் அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே வந்தார். அப்பா பார்த்த இருட்டை அப்பாவின் கண்ணாடி வழியாகவே பார்த்துவிடலாம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

டிசம்பரில் பேத்தி வந்தாள். கல்லூரியில் படிக்கிறாள், வயது இருபது. சந்தையில் வாங்கிய அந்த முதல் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இரவு ஒன்பது மணிக்கு அவளைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். எதிரே வைட் தீவின் விளக்குகள். இருட்டுக்குக் கண் பழக அரைமணி நேரம் ஆகும், செல்போனை எடுக்காதே என்றார். அதுதான் அவளுக்குப் பெரிய தண்டனை. பிறகு, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகத் திருகிச் சரிபார்க்கச் சொல்லிக்கொடுத்தார்.

முதலில் வானத்தைப் பார்த்தாள். வெறும் கண்ணுக்கு ஆறேழு புள்ளிகளாகத் தெரிகிற கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை எண்ணத் தொடங்கி, இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டாள். பைனாகுலரை மெல்லக் கடலுக்கு இறக்கினாள்.

"தாத்தா, ஏதோ கறுப்பா நகருது. படகு மாதிரி."

அவர் வாங்கிப் பார்த்தார். தீவின் விளக்குகள் தெரிந்தன. அதற்கு இந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. திருப்பிக் கொடுத்தார்.

"காது விறைச்சுப் போச்சு தாத்தா, கிளம்பலாமா?"

"இன்னும் ஒரு நிமிஷம்மா. அது எந்தப் பக்கம் போகுதுன்னு மட்டும் சொல்லு."