வலிக்காத இடம்

தறி ஓடும் வீடுகளுக்குப் போனால் நான் முதலில் கேட்பது சர்க்கரை அளவை இல்லை. "ஊசி எங்க போட்டுக்கறீங்க, காட்டுங்க" என்பதைத்தான். கூச்சத்தோடு வேட்டியைத் தளர்த்தித் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு விரலை வைப்பார்கள். அந்த ஒரு விரல் இடம்தான் எனக்குக் கவலை.

பெரிய காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையம் பக்கம், அறுபதைத் தாண்டிய நெசவாளர் ஒருவர். பதினோரு வருஷமாக இன்சுலின். "அங்க போட்டா வலிக்கவே இல்ல சிஸ்டர்" என்றார், பெருமையாக. வலிக்காததற்குக் காரணம் உண்டு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மருந்து இறங்கினால் தோலுக்கடியில் கொழுப்பு தடித்துக் கட்டியாகிவிடும். அங்கே உணர்ச்சி குறைவு. மருந்து ரத்தத்தில் சேர்வதும் தாறுமாறு. சர்க்கரை 300 காட்டும், டாக்டர் யூனிட்டைக் கூட்டுவார், இவர் போய் மறுபடி அதே கட்டியில் குத்திக்கொள்வார். (1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் போட்டபோதே, குத்திய இடத்தில் கட்டி வந்தது. அது வேறு வகைக் கட்டி, மருந்து சுத்தமாக இல்லாததால் வந்தது.)

இந்தக் கட்டி பல சமயம் கண்ணுக்குத் தெரியாது, தடவித்தான் பார்க்கணும். பாவில் ஒரு முடிச்சு இருந்தால் இருட்டிலும் கண்டுபிடிக்கிற விரல் அவருக்கு. "வயித்துலயும் அப்படிப் பாருங்க ஐயா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். "இங்க ஒண்ணு... தா, இங்கயும் ஒண்ணு." இரண்டாவதை எனக்கு முன்னால் அவர்தான் கண்டுபிடித்தார்.

இடத்தை மாத்துங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட முடியாது. நல்ல இடத்தில் அதே யூனிட்டைப் போட்டால் மருந்து முழுசாகச் சேர்ந்து சர்க்கரை கிடுகிடுவென இறங்கும். வேர்வை, நடுக்கம், படபடப்பு. மே மாதக் காஞ்சிபுரத்தில், தறிக்குழியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு வேர்த்தால் யார் சந்தேகப்படுவார்கள்? டாக்டரிடம் பேசி, அளவைக் குறைத்த பிறகுதான் மாற்றினோம். கொஞ்ச நாள் அடிக்கடி சர்க்கரை பார்த்தோம். கை எட்டும் தூரத்தில் ஒரு சர்க்கரைப் பொட்டலம். காலையில் தொடையும் வேண்டாம் என்றேன்: குழியில் கால் ஓயாமல் மிதித்துக்கொண்டே இருக்கும், உழைக்கிற காலில் போட்ட மருந்து வேகமாகச் சேரும்.

அவர் மனைவி கூலிக்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வயிற்றை நாலு கட்டமாகப் போட்டு வைத்தார். வாரத்துக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள்ளேயும் ஒவ்வொரு குத்துக்கும் ஒரு விரல் தள்ளி. முதல் நாள் புது இடத்தில் போட்டதும் "வலிக்குதே" என்று என் மேல் கோபப்பட்டார். சின்ன ஊசி வாங்கச் சொன்னேன். குத்திவிட்டுப் பத்து எண்ணி எடுங்கள், தேய்க்காதீர்கள் என்றேன்.

சிரிஞ்ச் வாங்குவதில்தான் இன்னொரு கண்டம். குப்பியில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கானது. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடுவரை எடுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். 100 மருந்தைச் சிவப்பில் எடுத்தாலோ இரண்டரை மடங்கு. மெடிக்கலில் "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்பார்கள். குப்பியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.