எட்டு பக்கெட்டுகள்

போன மாதம் ஊருக்கு வந்திருந்த என் மகன், சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டே, "அப்பா, இனிமே நீங்க கார் ஓட்ட வேணாம்ப்பா" என்றான். கேட் தூணில் ஒரே மாதத்தில் இரண்டு முறை வண்டியை உரசிவிட்டேன். அதை என் மனைவி போனில் அவனிடம் சொல்லியிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. 45 வருடமாக ஓட்டுகிறேன், இவன் பிறப்பதற்கு முன்பே பந்தயத் திடலில் கார் ஓட்டியவன் நான் என்று கத்திவிட்டு எழுந்து போய்விட்டேன்.

பந்தயம் என்று நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் கார் பந்தயம் என்றால் நம் பக்கத்துக்காரர்களுக்குச் சோழவரம்தான். இரண்டாம் உலகப் போரின்போது போட்ட விமான ஓடுதளம் அது. அங்கேதான் வருடா வருடம் பந்தயம் நடக்கும். இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்ததெல்லாம் பிற்பாடு. எண்பதுகளின் தொடக்கத்தில் புதுச்சேரியிலிருந்து நாங்கள் நாலு பேர் பஸ் பிடித்துப் போய், வெயிலில் நின்று பார்த்தோம். திரும்பும் வழியெல்லாம் காதில் அந்த இரைச்சல்தான்.

அதில் ஓட்டுவதற்குத் தனி வண்டி வேண்டும், பணம் வேண்டும். அரசாங்க குமாஸ்தாவுக்கு அது ஆகிற காரியமா? ஆனால் 'ஆட்டோகிராஸ்' என்று ஒன்று உண்டு என்பதை எங்கள் தெரு மெக்கானிக் மேஸ்திரிதான் சொன்னார். வீட்டு வண்டியையே கொண்டு போகலாம். ஒரு வெற்றுத் திடலில் டிரம், டயர், கொடி எல்லாம் வைத்து வளைந்து வளைந்து பாதை போட்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். பக்கத்தில் போட்டிக்கு யாரும் வரமாட்டார்கள். கடிகாரத்தோடுதான் போட்டி. அமெரிக்காவில் இதைத் தார்த் தரையில் ரப்பர் கூம்புகள் வைத்து நடத்துகிறார்கள். இங்கிலாந்தில் புல்தரையிலும் மண்ணிலும் ஓட்டுவார்கள். நம் ஊரிலும் மண்தான்.

என்னிடம் இருந்தது இரண்டாம் கைக்கு வாங்கிய பியட். 1089 சி.சி. எஞ்சின், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுத்து வாங்கியது. அதில்தான் என் மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவோம். தெருவில் யாருக்குப் பிரசவ வலி என்றாலும் அந்த வண்டிதான் போகும். "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா மறு வண்டி வாங்க வக்கு இருக்காங்க நமக்கு?" என்றாள் மனைவி. பதில் சொல்லத் தெரியவில்லை. இருந்தும் 1984இல் பெயர் கொடுத்துவிட்டேன்.

சென்னைக்கு வெளியே ஒரு திடல். எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யாத வண்டிகளுக்கு அங்கே தனிப் பிரிவு இருந்தது. ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் கப், தரை விரிப்பு எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தோம். திருப்பத்தில் உருளக்கூடிய ஒரு சாமானும் வண்டிக்குள் இருக்கக் கூடாது. மேஸ்திரி டயருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காற்று அடித்தார். பிரேக், ஸ்டியரிங், சக்கர நட்டு எல்லாவற்றையும் அவர்கள் பரிசோதித்தார்கள். ஹெல்மெட் பக்கத்து வீட்டு புல்லட்காரரிடம் இரவல்.

ஓட்டுவதற்கு முன் பாதையை நடந்து பார்க்க விடுவார்கள். மேஸ்திரி என்னை மூன்று முறை நடக்க வைத்தார். "தம்பி, முன்னால இருக்கற டிரம்மைப் பாக்காத. அதுக்கு அடுத்ததைப் பாரு. கண்ணு எங்க போகுதோ வண்டி அங்கதான் போகும்" என்றார். பிரேக் போடுவதானால் வண்டி நேராக ஓடும்போதே போட்டு முடித்துவிட வேண்டும். அப்போது எடை முன்னால் சாய்ந்து முன்சக்கரம் மண்ணைப் பிடிக்கும், வண்டி சொன்னபடி திரும்பும். திருப்பத்தின் நடுவில் பயந்து ஆக்சிலேட்டரை விட்டாலோ பிரேக்கை மிதித்தாலோ பின்பக்கம் லேசாகி, வால் சுற்றிக்கொண்டு போய்விடும்.

கேட்கும்போது எல்லாம் புரிந்தது. கொடி இறங்கியதும் ஒன்றும் நினைவில் இல்லை. வேகமாகப் போவதுதான் பந்தயம் என்று முதல் திருப்பத்திலேயே பாய்ந்தேன். இடித்துத் தள்ளிய டிரம் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் 5 விநாடி அபராதம். புழுதி அடங்கியபோது வாயெல்லாம் மண்.

இரண்டாவது ஓட்டத்தில் மெதுவாக நுழைந்து, வண்டி நேரானதும் அழுத்தினேன். முழுக்க இரண்டாவது கியர்தான். மெதுவாகப் போகிறோமே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் 'குரோனோ' என்று சொல்வோமே, அந்த ஸ்டாப் வாட்ச் வேறு சொன்னது. அபராதத்தைச் சேர்க்காமல் பார்த்தாலும் முதல் ஓட்டத்தைவிட 3 விநாடி குறைவு. 14 பேரில் ஒன்பதாவதாக வந்தேன். கோப்பை இல்லை, சான்றிதழ் இல்லை. வண்டியில் ஒரு கீறலும் இல்லை. அதுவே எனக்கும் மனைவிக்கும் பெரிய பரிசு.

அங்கே ஒன்றைக் கவனித்தேன். அலுவலகத்தில் ஒரு பிழை நேர்ந்தால் கோப்பு பத்து மேசை சுற்றி வந்திருக்கும். யார் பிழை என்று கண்டுபிடிப்பதற்குள் சம்பந்தப்பட்டவர் ஓய்வு பெற்றுவிடுவார். திடலில் அந்த வசதி இல்லை. குறுக்கே வந்த ஆடு கிடையாது, கண்மண் தெரியாமல் வந்த லாரி கிடையாது. டிரம் விழுந்தால் விழுத்தியவன் நான். அவ்வளவுதான்.

மகனிடம் கோபித்துக்கொண்டு மூன்று நாள் சரியாகப் பேசாமல் இருந்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. முதல் உரசலுக்குத் தெரு விளக்கு எரியவில்லை என்று சொன்னேன். இரண்டாவதற்கு எதிர்வீட்டுக்காரன் பைக்கை நிறுத்தியிருந்தான் என்றேன். இரண்டு முறையும் தூண் இருந்த இடத்தில்தான் இருந்தது.

நாலாம் நாள் விடியற்காலையில் அவனை எழுப்பினேன். வீட்டிலிருந்த பிளாஸ்டிக் பக்கெட்டுகள் எட்டையும் ஏற்றிக்கொண்டு லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்துக்குப் போனோம். நடைப்பயிற்சிக்காரர்கள் இல்லாத ஓரமாகப் பார்த்து, பத்து பத்து தப்படிக்கு ஒன்றாக வைத்தோம். வளைந்து வளைந்து போய், கடைசி பக்கெட்டைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். பந்தய வேகம் வேண்டாம், கடைத்தெருவில் போகிற வேகம் போதும் என்று நானே விதி வைத்தேன். அவன் மொபைலில் நேரம் பார்த்தான்.

போகும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திரும்பும்போது கழுத்தை முழுக்கத் திருப்ப முடியவில்லை. இடது பக்கம் ஒரு சத்தம். கொஞ்சம் தள்ளி இன்னொரு சத்தம்.

இறங்கி வந்தபோது, உருண்டு கிடந்த ஒரு பக்கெட்டை மகன் நிமிர்த்தி வைத்துவிட்டு, "ஒண்ணுதான்பா விழுந்துச்சு. இந்த வயசுக்குப் பரவாயில்லை" என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். மூன்று நாளாகப் பேசாத அப்பாவுக்காகச் சொல்கிற பொய் அது.

"ரெண்டு" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு, சுற்றிப் போய் இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். அது அவ்வளவு லேசான காரியமாக இருக்கவில்லை. அந்த பக்கெட் ஒரு குழந்தையாக இருந்திருந்தால் என்ற நினைப்புதான் கையை நீட்ட வைத்தது.

இப்போது மாதத்துக்கு இரண்டு முறை பக்கத்துத் தெருப் பையன் வந்து ஓட்டுகிறான். மற்ற நாளெல்லாம் ஆட்டோதான். பையன் நன்றாகத்தான் ஓட்டுகிறான், ஆனால் திருப்பத்துக்குள் போன பிறகுதான் பிரேக்கைத் தேடுகிறான். அதற்குள் என் வலது கால் கீழே விரிப்பை அழுத்திவிடும். பின்சீட்டிலிருந்து மனைவி சிரிப்பாள்.