மாட்டுக்குச் செருப்பு இல்லை

சிதம்பரம் பகுதி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: 'மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டால் சுர்ரென்கிறது. செருப்புப் போட்டுத் தொட்டால் ஒன்றும் தெரியவில்லை. அப்படியே ஓட்டலாமா?'

கூடாது. காரணத்துக்கு எங்கள் வீட்டுக் கதையே போதும்.

நெய்வேலி அனல்மின் நிலையம் 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. அதற்குச் சில வருடங்கள் கழித்து எங்கள் ஊருக்குக் கம்பம் வந்தது. சுவரில் தேக்கு ரீப்பர் அடித்து, அதன்மேல் கறுப்பு ரப்பர் ஒயரைத் தகரக் கிளிப் போட்டு இழுத்திருந்தார்கள். எர்த் கம்பி கிடையாது. நாலு பல்பு, ஒரு ரேடியோவுக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு மோட்டார் வந்தது. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. கொட்டகையில் மோட்டாரைப் பெரிதாக்கினோம், ஒயரை மாற்றவில்லை. ஃபியூஸ் போனால் அப்பா கம்பியை இரட்டையாக முறுக்கிப் போடுவார்.

ஓர் ஐப்பசி மழையில், பசுவைக் கொட்டகையின் இரும்புத் தூணில் கட்டிவிட்டு வந்தார். தலை துவட்டுவதற்குள் பசு விழுந்துவிட்டது. வெயிலிலும் வருடங்களிலும் இறுகிப்போன ரப்பர் வெடித்து, கம்பி தூணில் பட்டிருந்தது. அவிழ்க்க ஓடிய அப்பாவைப் பக்கத்து வயல்காரர் பிடித்துக்கொண்டு, மெயினை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். கட்டும்போது அப்பாவுக்கு எதுவும் தெரியவில்லை. காலில் ரப்பர் செருப்பு இருந்தது. மாட்டுக்குச் செருப்பு இல்லை.

அதிக மின்சாரம் பாய்ந்தால்தான் ஃபியூஸ் உருகும். உயிரை எடுக்க அதில் மிகச் சிறு பங்கே போதும். அதனால் ஃபியூஸை நம்பி இருக்க முடியாது.

வாசகர் முதலில் மெயினை நிறுத்த வேண்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பழைய ரப்பர் ஒயர் இருந்தால் பிவிசி ஒயராக மாற்றுங்கள். மோட்டார், ஸ்டார்ட்டர், இரும்புத் தூண் மூன்றையும் எர்த்தில் சேருங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் பொருத்துங்கள். மின்சாரம் கசிந்தால் அது நொடிக்குள் துண்டித்துவிடும். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கடலூர்க் கரையோரம் உப்புக்காற்று எர்த் இணைப்பைத் துருப்பிடிக்க வைக்கும். வருடம் ஒருமுறை பாருங்கள். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

எங்கள் வீட்டில் இதையெல்லாம் பசு போன பிறகுதான் செய்தோம். உங்களுக்கு அந்தச் 'சுர்' முன்கூட்டியே சொல்லிவிட்டது.