‘முடிச்சிடலாம் சார்!’

திருப்பூரில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். அதுதான் எங்கள் கம்பெனி! காலேஜ் முடித்த கையோடு மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்தோம். ஆர்டர் பிடிப்பது நான். புரொடக்‌ஷன் என் ரூம்மேட். பில், பேங்க், கணக்கு எல்லாம் எங்கள் கிளாஸ்மேட் தோழி. அவள் கையைத் தாண்டி ஒரு ரூபாய்கூட வழி தவறிப் போகாது. விசிட்டிங் கார்டில் மட்டும் என் பெயருக்குக் கீழே ‘மேனேஜிங் பார்ட்னர்’ என்று இருக்கும். யாரும் கொடுத்த பதவி இல்லை, நானே போட்டுக்கொண்டது!

சிம்போசியம், கல்ச்சுரல்ஸ், டூர் என்று காலேஜ் பசங்க கேட்கிற டி-ஷர்ட்டுகளுக்குப் பிரிண்ட் போடுவதுதான் தொழில். பெரிய கம்பெனிகளில் துணியை வெட்டியதும், தைப்பதற்கு முன்பே பிரிண்ட் போட்டுவிடுவார்கள். கெட்டுப்போனால் ஒரு துண்டுத் துணியோடு போச்சு. எங்களை மாதிரி சின்ன ஆட்கள் காதர்பேட்டையில் தைத்து முடித்த டி-ஷர்ட்டை வாங்கிவந்து போடுவோம். கெட்டால் முழு டி-ஷர்ட்டும் காலி. இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிப்ரவரி மாதம். சிம்போசியம் சீஸன். ஒரு காலேஜிலிருந்து 400 டி-ஷர்ட், மூன்று கலர், வெள்ளிக்கிழமை காலையில் டெலிவரி. முப்பதாயிரம் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார்கள். அதே வாரம் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து போன். 250 டி-ஷர்ட், வியாழக்கிழமைக்குள் வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. “முடிச்சிடலாம் சார்!”

சாயங்காலம் ரூம்மேட் கேட்டான். “யாரைக் கேட்டுடா சொன்ன?”

“பாத்துக்கலாம் மாப்ள...”

“மூணு கலர்னா மூணு ஸ்க்ரீன். நானூறு பீஸுக்கு ஆயிரத்து இருநூறு தடவை கை ஓடணும். நீயா ஓட்டப் போற?”

தோழி அடுத்த பக்கத்திலிருந்து பிடித்தாள். “அட்வான்ஸ் கொடுத்தவங்க காத்திருக்கணும். போன தடவை மூணு மாசம் இழுத்தடிச்ச கம்பெனிக்கு முதல்ல போடணும். அப்படித்தானே?”

“சட்டம் இருக்குல்ல?” என்றேன், ஏதோ தெரிந்த மாதிரி.

“இருக்கு. 2006-லேயே வந்த சட்டம். தேதி எழுதி ஒத்துக்கிட்டா அதிகபட்சம் 45 நாள், எழுதலைன்னா 15 நாளுக்குள்ள நம்மள மாதிரி சின்ன ஆளுங்களுக்குப் பணம் கொடுத்தாகணும். உத்யம்ல பதிவும் பண்ணி வெச்சிருக்கேன். ஆனா அடுத்த ஆர்டர் போயிடும்னு நீ வாயைத் திறக்க மாட்டே!”

நிஜம்தான். அந்தக் கம்பெனியின் பெயர் பெரிசு. அதை நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. அதனால் கம்பெனி ஆர்டர் முதலில் மெஷின் ஏறியது. பிரிண்டிங் மாஸ்டர் தலையைச் சொறிந்தபடி, “ரெண்டு நாள் தள்ளிக் கேட்டுப் பாருங்க தம்பி” என்றார். நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை ராத்திரி ஒரு மணி. இன்னும் 130 பீஸ் பாக்கி. ரூம்மேட் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். மாஸ்டர் முகம் கழுவ வெளியே போயிருந்தார். க்யூரிங் மெஷின் பக்கத்தில் ஹெல்பர் தம்பி மட்டும். பத்தொன்பது வயசுப் பையன்.

க்யூரிங் என்பது வேறொன்றும் இல்லை. பிரிண்ட் போட்ட டி-ஷர்ட்டைப் பெல்ட்டில் வைத்துச் சூட்டுக்குள் அனுப்புவது. நாங்கள் போடுகிற பிளாஸ்டிசால் இங்க், மேலிருந்து அடிவரைக்கும் சுமார் 160 டிகிரி சூடு ஏறினால்தான் துணியைப் பிடிக்கும். வேகமாக அனுப்பினால் மேலே தொட்டுப் பார்க்கக் காய்ந்தே இருக்கும், உள்ளே வேகாது. அரைவேக்காட்டு இட்லி மாதிரி!

“பெல்ட் ஸ்பீடைக் கூட்டுடா” என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். ஒரு செகண்ட்தான். அந்தப் பார்வையில் ‘வேணாம்ணா’ இருந்தது. அது எனக்குப் புரியவும் செய்தது. ஆனால் ஓனர் சொல்லிவிட்டாரே! கூட்டினான்.

காலையில் டெலிவரி. காலேஜ் பசங்க கை குலுக்கினார்கள். நான் ஸ்டேட்டஸ் எல்லாம் போட்டேன்.

திங்கட்கிழமை போன் வந்தது. ஒரே துவையல், லோகோ பாளம் பாளமாக வெடித்திருக்கிறதாம்.

அடுத்து நடந்ததைத்தான் எழுதத் தயங்குகிறேன். ஷெட்டுக்குள் போனதும் எல்லார் முன்னாலும் அந்தத் தம்பியைப் பிடித்துக் கத்தினேன். “க்யூரிங்ல நின்னது யாரு? தூங்கிட்டு இருந்தியா?” அவன் ‘நீங்கதானே சொன்னீங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மாஸ்டர் மட்டும் மெஷினிடம் போய் வேக நாபைப் பார்த்தார். அன்று ராத்திரி திருப்பிய இடத்திலேயே நின்றிருந்தது. காலேஜ் ஆர்டருக்கு அப்புறம் வேறு வேலையே ஓடவில்லையே! பையனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, “வாடா” என்று அவனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ரூம்மேட்டிடமும் தோழியிடமும் உண்மையைச் சொல்ல எனக்கு அன்று ராத்திரி ஆகிவிட்டது. அவன் ஒன்றும் பேசவில்லை. அவள் கால்குலேட்டரை எடுத்தாள். “புது டி-ஷர்ட் 130, இங்க், கரன்ட், கூலி. உன் பங்குல கழிச்சிக்கறேன்” என்றாள். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

மறுநாள் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். பையன் அவர் வீட்டு மாடியில்தான் தங்கியிருந்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லண்ணா” என்றான். ஆனால் மாஸ்டர் விடவில்லை. “எல்லார் முன்னாடியும் திட்டினீங்கல்ல தம்பி? அங்க வந்து சொல்லுங்க.” ஷெட்டில், டீ டைமில், எல்லோரும் நிற்கும்போது சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டது. யாரும் கை தட்டவெல்லாம் இல்லை. டீ ஆறிப்போனதுதான் மிச்சம். 130 டி-ஷர்ட்டையும் மறுபடி போட்டுக் கொடுத்தோம். இந்தத் தடவை ஒவ்வொரு கட்டிலும் ஒரு பீஸை இழுத்துப் பார்த்து, துவைத்துப் பார்த்த பிறகுதான் பெட்டி கட்டினான் பையன்.

இப்போது சுவரில் ஒரு வெள்ளை போர்டு தொங்குகிறது. எந்த ஆர்டர் எந்த நாளில் மெஷின் ஏறும் என்பதை மாஸ்டர்தான் எழுதுவார். நான் அதைத் தொடுவதில்லை. அழிக்கிற டஸ்டர்கூட அவர் டேபிளில்தான்!

போன வாரம் அதே கம்பெனியிலிருந்து போன். 300 பீஸ், வெள்ளிக்கிழமை.

“ஒரு நிமிஷம் சார்” என்று போனைக் கையால் மூடிக்கொண்டு, “தம்பீ... வெள்ளிக்கிழமை 300 ஆகுமாடா?” என்று கத்தினேன்.

அவன் போர்டைப் பார்த்தான். “ஆகாதுண்ணா. செவ்வாய்க்கிழமை கேளுங்க.”

கேட்டேன். பழைய பில் பாக்கியையும் சேர்த்தே கேட்டேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “சொல்றேன்” என்று வைத்துவிட்டார். இன்னும் சொல்லவில்லை.