மூக்கு ஒபரேஷனுக்குத் திகதி எடுத்திருப்பவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை பெற்றோர் கூட்டம் முடிய ஒரு பிள்ளையின் உம்மா என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, "டீச்சர், உங்களுக்கும் மூக்கு ஒபரேஷன் செய்ததாமே, கண்ணுக்கு ஒண்டும் ஆகாதா?" என்று கேட்டா. அவவுக்கு அடுத்த மாதம் திகதி குடுத்திருக்காங்களாம். அதற்குள் பெல் அடித்துவிட்டது. நின்று கதைக்கக் கிடைக்கவில்லை. அவவுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை, அந்தக் கட்டிலில் படுத்து எழும்பிய ஆள், அவ்வளவுதான்.

எனக்கு இந்த வருத்தம் கலாசாலையில் படிக்கிற காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஊரில் பீனிசம் என்போம். குனிந்தால் கன்னம் வலிக்கும், காலையில் எழும்பினால் முகம் கனக்கும். வேது பிடிப்பேன், கொத்தமல்லி அவித்துக் குடிப்பேன், பனடோல் போடுவேன். வெண்கட்டித் தூசு, வெண்கட்டித் தூசு என்று சொல்லியே பத்து வருஷத்தை ஓட்டிவிட்டேன். மணம் எப்போது போனது என்று எனக்கே தெரியாது. ஒருநாள் பின்னேரம் காஸ் அடுப்பு சரியாக மூடுபடாமல் இருந்திருக்கிறது. நான் அதே குசினிக்குள் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன். கடைசி மகன் முன்வாசலில் இருந்து "உம்மா, காஸ் மணக்குது" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

கிளினிக்கில் மூக்குக்குள் கமரா விட்டுப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் சதை வளர்ந்திருக்கிறது என்றார்கள். ஆனால் உடனே ஒபரேஷன் என்று சொல்லவில்லை. ஸ்ப்ரே, உப்புத்தண்ணீர் கழுவல், கொஞ்ச நாளுக்கு மாத்திரை என்று முதலில் மருந்துதான். அதற்கு அடங்காதபோதுதான் சி.டி. ஸ்கான், அதற்குப் பிறகுதான் ஒபரேஷன். யாராவது மருந்தே தராமல் நேரே திகதி தந்தால், ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நம் நெற்றி, கன்னம், இரண்டு கண்களுக்கும் நடுப்பகுதி, மூக்கின் பின்பக்கம் என்று நான்கு சோடி காற்றறைகள் இருக்கின்றன. அங்கே சுரக்கும் சளி சின்னச் சின்ன வாசல்களால் மூக்குக்குள் வடியும். வாசல் அடைபட்டால் உள்ளே தேங்கிப் பழுதாகும். முந்தைய காலத்தில் மேலுதட்டை உயர்த்தி உள்ளே வெட்டி, கன்ன எலும்பைத் திறந்து, அறைக்குப் புதிதாக ஒரு வழி போடுவார்களாம். ஒஸ்திரியாவில் கிராஸ் நகரத்து மெசர்கிளிங்கர் என்ற வைத்தியர்தான் ஒரு விடயத்தைக் காட்டினார். அறைக்குள் உள்ள நுண்மயிர்கள் சளியை இறைவன் படைத்த அந்த வாசலை நோக்கியே தள்ளுகின்றன. வேறு இடத்தில் துளை போட்டாலும் சளி பழைய வாசலைத்தான் தேடிப் போகும். அப்படியென்றால் அந்த வாசலையே விரித்து விடுவதுதான் சரி. 1985இல் அமெரிக்காவில் கென்னடி என்ற வைத்தியர் இந்தச் சத்திரசிகிச்சைக்கு இன்றைய பெயரை வைத்தார். முகத்தில் வெட்டே இல்லை. எல்லாம் மூக்குத் துவாரத்தால்தான்.

இனிக் கண் விடயம். எங்கள் உம்மா இதைக் கேட்டு மூன்று நாள் அழுதா. பயம் பொய்யில்லை. அந்த அறைகளுக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கும் எலும்பு கடதாசி போல மெல்லியது, லத்தீனில் அதற்குப் பெயரே அப்படித்தான். மேல்பக்கம் மூளையின் தளம். அதனால் பார்வை பாதிப்பதும் மூளைநீர் கசிவதும் நடக்கக்கூடியவை, ஆனால் மிக அரிது. ஸ்கான் எடுப்பது அதற்காகத்தான். வைத்தியருக்கு அது வழிகாட்டும் வரைபடம். ஒபரேஷனுக்கு முதல் நாள் சம்மதக் கடதாசி தருவார்கள். கேள்வியை முழுசா வாசியுங்க என்று பிள்ளைகளிடம் தினமும் தொண்டை கிழியக் கத்துகிற நான், அதை வாசிக்காமலே கையெழுத்து வைத்தேன். நீங்கள் வாசியுங்கள். விளங்காத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்.

பாவிக்கும் மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். அஸ்பிரின், நோவுக் குளிசை, நாட்டு மருந்து, கருஞ்சீரக எண்ணெய் உட்பட. சிலது இரத்தம் உறைவதைத் தாமதமாக்கும். ஆனால் இருதயத்துக்காக அஸ்பிரின் போடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது.

முடிந்த பிறகு சில நாட்களுக்கு இரத்தம் கலந்த நீர் வடியும். தலையை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும். மூக்குச் சீறக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். பாரம் தூக்கவோ குனியவோ கூடாது. இங்கேதான் எனக்குத் தொழுகை பற்றிய யோசனை வந்தது. மௌலவியிடம் கேட்டோம். வுழூவில் மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவது நமது ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத்துதான், ஆறும் வரை விடலாம், சுஜூதுக்குக் குனிய முடியாவிட்டால் இருந்து சைக்கினையால் தொழலாம் என்றார். வெட்கப்படாமல் கேளுங்கள். மூக்கைக் கழுவுவதற்குக் கிணற்றுத் தண்ணீரையோ பைப் தண்ணீரையோ அப்படியே எடுக்க வேண்டாம். கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீர்தான். சுத்தமில்லாத தண்ணீர் மூக்கு வழியாகப் போனால், மிக அரிதாக, உயிருக்கே ஆபத்தான அமீபா தொற்று வரும்.

கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, இரத்தம் நிற்காமல் வந்தாலோ, தண்ணீர் போலத் தெளிவாக ஒரு பக்கத்தால் சொட்டினாலோ கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே ஓடுங்கள்.

நான் விட்ட பிழையையும் சொல்ல வேண்டும். ஒபரேஷன் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். பொருக்கு எடுக்கும் கிளினிக்குகளுக்கு ஒழுங்காகப் போனேன் (ஒபரேஷனை விட அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது). மூன்றாம் மாதம் மூக்கு நன்றாகத் திறந்துவிட்டது. தவணைப் பரீட்சை, விடைத்தாள் திருத்தும் வேலை என்று கழுவுவதையும் ஸ்ப்ரேயையும் விட்டுவிட்டேன். மாரி மழை தொடங்கத் தொடங்க பழைய கனம் திரும்ப வந்தது. கமராவில் பார்த்த டொக்டர், "சதை திரும்ப முளைக்குது. நாங்க வாசலைத்தான் திறந்துவிட்டோம் டீச்சர், வருத்தத்தை வெட்டி எறியல்ல" என்றார். முதலிலேயே யாராவது எனக்கு இதைச் சொல்லியிருக்கலாம். ஒருவேளை சொல்லியும் இருப்பார்கள், நான் கேட்டிருக்க மாட்டேன்.

இப்போது சுபஹுக்கு எழும்பியதும் முதல் வேலை மூக்குக் கழுவல். அல்ஹம்துலில்லாஹ், இரண்டாவது ஒபரேஷன் தேவைப்படவில்லை. மணம் பாதிதான் திரும்பியிருக்கிறது. கோப்பி மணக்குது, மண்ணெண்ணெய் மணக்குது, கறிவேப்பிலை இன்னும் இல்லை. காஸ் மணக்குதா என்று மகனைக் கூப்பிட்டுத்தான் இன்றைக்கும் கேட்கிறேன்.

அந்த உம்மா இதை வாசித்தால் பிள்ளையிடம் சொல்லிவிடட்டும். வியாழக்கிழமை இன்டவலுக்கு நான் ஃப்ரீ, ஸ்கான் ரிப்போர்ட்டோடு வந்தால் டொக்டரிடம் கேட்க வேண்டியவற்றை இரண்டு பேருமாக இருந்து எழுதி எடுக்கலாம்.