தலைப்புக்கேற்ற தரவுத்தளம்

கல்லூரி நூலகத்தில் ஆய்வு மாணவர்கள் தேடுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது என் அன்றாட வேலை. பலரும் உட்கார்ந்ததும் கூகுள் ஸ்காலரில் தலைப்பை அப்படியே அடிக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் வந்து கொட்டுகிறது. முதல் பக்கத்தில் உள்ளதை இறக்கிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். தலைப்புக்குத் தலைப்பு தேடும் இடமும் மாறும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

1930களின் தமிழ்ப் பெண்கள் இதழ்களை ஆராயும் மாணவி ஒருவர் ஸ்கோபஸில் தேடிவிட்டு, “ஒண்ணுமே இல்ல மேடம், தலைப்பையே மாத்திடவா?” என்று கேட்டார். எல்சேவியர் நிறுவனம் 2004இல் தொடங்கிய ஸ்கோபஸ், ஆங்கிலச் சுருக்கத்தோடு வரும் ஆய்விதழ்களைத்தான் பெரும்பாலும் சேர்க்கிறது. தமிழ் இதழியலுக்கு அது போதாது.

இருவரும் உட்கார்ந்து ஷோத்கங்காவைத் திறந்தோம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே பெரும்பாலும் இயல் இயலாகத் தனிக் கோப்புகளாக இருக்கும். முதல் இயலை விட்டுவிட்டு, கடைசியில் உள்ள துணைநூற்பட்டியலைத் திறக்கச் சொன்னேன். முன்னே போனவர்கள் எந்த இதழ்களை, எந்த நூலகத்தில் பார்த்தார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். மூல இதழ்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம். வரலாற்றுக் கட்டுரைகளுக்கு ஜேஸ்டோர். அதில் பல ஆய்விதழ்கள் முதல் இதழிலிருந்தே கிடைக்கும். ஆனால் கடைசிச் சில ஆண்டுகள் இருக்காது. புதியவற்றை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

இதே மாணவி செவிலியர் படிப்பில் இருந்திருந்தால் நேராக மருத்துவத் தரவுத்தளமான பப்மெட்டுக்கு அனுப்பியிருப்பேன். அங்கே பெரும்பாலான கட்டுரைகளுக்குப் பொருள் தலைப்பு இட்டிருப்பார்கள். அதைப் பிடித்துத் தேடினால், ஆசிரியர் எந்தச் சொல்லில் எழுதியிருந்தாலும் கட்டுரை அகப்படும்.

எதைத் திறந்தாலும் மூன்று கேள்விகள் வேண்டும்: இதில் எந்தத் துறை, எந்த மொழி, எந்த ஆண்டுகள்? ஒரு தரவுத்தளத்தில் கிடைக்கவில்லை என்பதால், அந்தப் பொருளில் யாரும் எழுதவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

2025 தொடக்கத்திலிருந்து ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. வாசிக்க வழி பெருகப் பெருக, எங்கே தேடுவது என்று சொல்லித்தர ஆள் வேண்டும். நெறியாளர்களே, தலைப்பை முடிவு செய்யும் முன் உங்கள் மாணவரை ஒரு மணி நேரம் நூலகரிடம் அனுப்பிவையுங்கள்.